தேங்காய் நாரும் சித்தியின் ஹெட்லைட்டும்

சித்தியின் காரை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது கார் அல்ல, அதன் பானெட் மேல் இருந்த ஒரு பிடி தேங்காய் நார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கரைத்த புளி. மந்தைவெளியில் அவருடைய குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை அதைப் பார்த்தேன். அந்த வாரம் வரை சித்தியின் கண்பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தோம். சித்தியும்தான்.

சித்தி என் அம்மாவின் தங்கை. மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், வேலைக்காலம் முழுவதும் நுண்ணோக்கியில் குனிந்திருந்தவர். ஊசியில் நூல் கோக்க வீட்டில் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவோம். கண் அவருடைய பெருமை. ஆனால் அவர்களுடைய அம்மா கடைசிக் காலத்தில் பார்வை இழந்து, சுவரைத் தடவித் தடவி நடந்தவர். அக்காவும் தங்கையும் அதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

இடுப்பெலும்பு முறிந்து அம்மா திருவான்மியூரில் என் வீட்டில் படுத்த படுக்கையான பிறகு, சித்தி தினமும் மாலையில் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். டிவியை ஓடவிட்டு, அதைப் பார்க்காமல் இருவரும் பழைய சண்டைகளைப் போடுவார்கள். அம்மா சாப்பிட்ட பிறகுதான் சித்தி கிளம்புவார். அம்மாவின் நாளில் உயிருள்ள பகுதி அது ஒன்றுதான். ஒரு மழை நாளில், இருட்டிய பிறகு திரும்பும்போது, அடையாறு பாலத்துக்கு முன்னால் வைத்திருந்த தடுப்பு, மிக அருகில் வந்த பிறகுதான் சித்திக்குத் தெரிந்தது. பிரேக் பிடித்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மதியமே வந்து, வெயில் இருக்கும்போதே கிளம்ப ஆரம்பித்தார். மெல்ல மெல்ல வருவதும் குறைந்தது. ஆட்டோவில் வரச் சொன்னால், "இன்னொருத்தர் வண்டியில வந்து எறங்கறதுக்கு நான் இன்னும் கிழவி ஆகல" என்பார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் குரல் தணிந்துவிடும். "போனா சொல்லிடுவாங்கடா. சொல்லிட்டா அப்புறம் அதுதான்."

"அவளுக்கு என்னப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு" என்றார் அம்மா, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

பேசிப் பயனில்லாததால், ஒரு வியாழக்கிழமை மந்தைவெளிக்குப் போனேன். பொழுது சாய்ந்த பிறகு, மருந்து வாங்க சித்தியின் காரையே எடுத்தேன். தெருமுனை தாண்டுவதற்குள் எனக்கும் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. ஈரத் துணிக்குப் பின்னால் வைத்த விளக்கு போல ஹெட்லைட் வெளிச்சம் அங்கேயே நின்றது. பல்பு புதிது. சித்தியின் மகன் பெங்களூருக்குத் திரும்பும் முன் மாட்டிவிட்டுப் போனது. குறை அதற்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் மூடியில். பழுத்த மஞ்சள், அதன் மேல் வட்ட வட்டமாகக் கீறல்கள். கீறல் எப்படி வந்தது என்றுதான் புரியவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்ததால், அன்று அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை புரிந்தது. பூஜை அறைக் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு, மிச்சப் புளியையும் நாரையும் எடுத்துக்கொண்டு சித்தி காருக்கு வந்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு ஹெட்லைட்டில் காய்ந்து ஒட்டிக்கொண்ட வருடம் தொடங்கிய பழக்கமாம்.

"தேய்க்கத் தேய்க்க மங்கிக்கிட்டே போகுது. அதான் வாராவாரம் அழுத்தித் தேய்க்கறேன்" என்றார்.

"உங்க மைக்ராஸ்கோப் லென்ஸை இப்படித் தேய்ப்பீங்களா சித்தி?"

"அதை யாரையும் தொடவே விடமாட்டேனே" என்றவர் தேய்ப்பதை நிறுத்தினார். நாரைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பானெட் மேல் நாரை வைத்துவிட்டு, "அப்போ என் கண்ணு?" என்று கேட்டார்.

"தெரியாது. முதல்ல இதைச் சரி பண்ணுவோம்."

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பெயின்ட் கடையில், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் சொரசொரப்பிலிருந்து மென்மை வரை வாங்கினேன். கூடவே பாலிஷ் பசையும், வெயில் தாங்கும் மேல்பூச்சும். விளக்கைச் சுற்றி வண்டியின் பெயின்டில் கீறல் விழாமல் டேப் ஒட்டிவிட்டு, ஆளுக்கொரு விளக்கில் ஆரம்பித்தோம். முதலில் மஞ்சளாக நீர் வழிந்தது, பிறகு பால் போல. துடைத்துப் பார்த்தால் இரண்டும் குளியலறை ஜன்னல் மாதிரி வெளுத்திருந்தன. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் நின்று பார்த்தார். "இன்னாக்கா, கொஞ்சம் தெரிஞ்சதும் பூட்ச்சா?"

"நீ போ நைனா, உன் வண்டியில இருக்கறதே ஒரு லைட்டு" என்றார் சித்தி. கை நிற்கவில்லை. தாள் மென்மையாக ஆக ஆக வெண்மை குறைந்தது. பசை போட்டுப் பருத்தித் துணியால் தேய்த்தபோது, உள்ளே பல்பு பளிச்சென்று தெரிந்தது. மேல்பூச்சு அடித்துக் காயவிட்டோம்.

இருட்டியதும் சித்தி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து விளக்கைப் போட்டார். எதிர்ச் சுவரில் வெளிச்சம் விழுந்தது. சுவரில் ஊர்ந்த பல்லியின் வால் அறுந்திருப்பதை, எனக்கு முன்னால் அவர்தான் சொன்னார். சிறிது நேரம் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அடுத்த வாரம், யாரும் சொல்லாமல், தானே கண் டாக்டரிடம் போனார். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை, படிப்பதற்கான கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்களாம்.

இப்போது நார் குத்துவிளக்குக்கு மட்டும். ஹெட்லைட்டுக்கு ஈரப் பருத்தித் துணி. இந்த வருட ஆயுத பூஜையில் சந்தனப் பொட்டு பம்பருக்கு இறங்கிவிட்டது. நேற்றும் அம்மா சாப்பிட்ட பிறகுதான் சித்தி கிளம்பினார். காரைத் திருப்பும்போது வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து கட்டில் முழுக்கப் படர்ந்தது. அம்மா கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"பாரு, தூங்கப்போற நேரத்துல மூஞ்சியில அடிக்கறா. அவகிட்ட நாரைத் திருப்பிக் குடுத்துடு."