மயில் அட்டையில் மணி இல்லை

போன வெள்ளிக்கிழமை என் மகன் தன் கைபேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினான். அண்ணனுடைய பக்திப் பாட்டுகளையெல்லாம் தூசி தட்டிப் புதிதாக வெளியிட்டிருக்கிறார்களாம். இசைத்தட்டுகளின் அட்டைப் படங்கள் சின்னச் சின்னச் சதுரங்களாக வரிசையில் நின்றன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்றாவது சதுரத்திலேயே தப்பு. மஞ்சள் அட்டையை மயில் அட்டைக்கு முன்னால் வைத்திருந்தார்கள். மயில்தான் முந்தி வந்தது.

"பாட்டு அதேதானப்பா? முன்ன வந்தா என்ன, பின்ன வந்தா என்ன?" என்றான்.

பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அதற்குள் பழைய வேட்டியில் சுற்றி என் நோட்டு இருந்தது. திறந்ததும் கஞ்சி வாசனை. சோற்றுக் கஞ்சி இல்லை, தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சி. லேசான புளிப்பும் மிஷின் எண்ணெயும் கலந்த அந்த வாசனை இத்தனை வருஷம் காகிதத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அந்த நோட்டில் நீல மையை விட சிவப்பு மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பாடகர். பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரியும். ஆனால் முருகனைப் பாடுகிறவரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தப்பு என்று நானும் மாரியப்பனும் வைத்திருந்தோம். ஆகவே அண்ணன்.

மாரியப்பன் எனக்குப் பக்கத்துத் தறி. வெண்ணந்தூரில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் எழுபதுகளில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் வேலைக்குப் போனோம். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், அவன் ஐந்தாவது. அதனால் நோட்டு என் பொறுப்பு. பிள்ளையார் சுழி போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, தட்டு எப்போது முதலில் வந்தது, அட்டை என்ன நிறம், விற்பனைக்குப் பரிசு வாங்கியதா, மறுபதிப்பு எப்போது என்று எழுதுவேன். மறுபதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பாட்டு முடிந்து முள் சும்மா சுற்றும் வெற்று வளையத்தில் ஊசியால் கீறியதுபோல் ஒரு எண் இருக்கும். தட்டை வெயிலில் சாய்த்தால் தெரியும். கலெக்டர் ஆபீஸ் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் நாங்கள் அதைப் பார்ப்போம்.

மயில் அட்டைக்குத் தங்க இசைத்தட்டு கொடுத்தார்கள் என்று பேப்பரில் வந்தபோது நாங்கள் அதை நிஜத் தங்கம் என்றே நம்பினோம்.

"எத்தன பவுனு இருக்கும் மாப்ள?"

"ரெக்கார்டு அகலத்துக்கு அடிச்சா ஒரு நூறு பவுனு ஆகும்டா."

"அப்பறம் அதுல முள்ள வெச்சா கீறல் உளுந்துருமே!"

மறு அமாவாசைக்குத் திருச்செங்கோட்டு மலையேறி, அண்ணன் பேருக்கு அர்ச்சனை செய்து தேங்காய் உடைத்தோம். நட்சத்திரம் கேட்ட குருக்களிடம் கார்த்திகை என்று நானே சொல்லிவிட்டேன். முருகனைப் பாடுகிறவருக்கு வேறென்ன நட்சத்திரம் இருந்துவிடப் போகிறது?

பட்டறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தறிகள் ஓடும்போது உள்ளே யாரும் காதால் கேட்டுப் பேசிக்கொள்வதில்லை. எதிராளியின் வாயைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம், புரிந்துவிடும். முதலாளியைத் திட்டுவதும், மாமனார் வீட்டு விருந்தைப் பற்றிச் சொல்வதும், எல்லாம் உதட்டிலேயே நடக்கும். வெளியே வந்தாலும் எங்கள் குரல் உரக்கத்தான் இருக்கும். ஊரே தறிக்கார ஊர், எல்லோருமே அப்படித்தான். வேலை விட்டு வந்தால் காதுக்குள் ஒரு சில்வண்டு விடாமல் கத்தும். "கூலிக்கு மேல கெடைக்கற போனசு மாப்ள, வேண்டாம்னு சொல்லாத" என்பான் மாரியப்பன். சிரிப்போம். செவிடனும் காதுள்ளவனும் ஒரே மாதிரி பிழைக்கக்கூடிய இடம் அது என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்கு என் வீட்டில் சாமி படத்துக்கு விளக்கேற்றி, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய பிளேயரில் அண்ணனை வைப்போம். முதல்பதிப்புகளைக் கொஞ்ச நாள் கேட்ட பிறகு, முள் படாமல் மஞ்சள் துணியில் சுற்றி முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். தேய்ந்துவிடுமே. கேட்பதற்கு மறுபதிப்புதான்.

மயில் அட்டையின் மறுபதிப்பு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். முதல்பதிப்பில் முதல் பாட்டு தொடங்கும் முன்னால், கோயிலில் தீபாராதனைக்கு அடிப்பதுபோல் ஒரு கைமணி மெல்லிதாக அடிக்கும். அதற்குப் பிறகுதான் அண்ணன் குரல் வரும். மறுபதிப்பில் அந்த மணி இல்லை.

"உனக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

"இல்லீயே! சாமி மணியவே திருடிட்டானுங்களா?" என்றான் மாரியப்பன்.

இரண்டு சாட்சி போதாதா? சிவப்பு மையில் எழுதினேன்: மயில் அட்டை, மறுபதிப்பு, மணி இல்லை.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. மஞ்சள் அட்டையில் சலங்கை இல்லை. வேல் அட்டையில் குயில் கூவவில்லை. இன்னொன்றில் ஜால்ரா பாதிதான் இருந்தது. தட்டெல்லாம் கேசட்டாக மாறிய காலம் அது. மறுபதிப்புகள் குவிந்தன, சிவப்பு வரிகளும் குவிந்தன. ராசிபுரத்தில் எங்களுக்குத் தட்டு விற்கும் நல்லுசாமியிடம் சண்டைக்கே போனோம். அவர் கடையிலேயே போட்டுக் கேட்டுவிட்டு விழித்தார்.

"ஏனுங்க, எனக்கு மணி கேக்குதுங்களே."

"விக்கறவனுக்குக் கேக்கத்தான் செய்யுமுங்க. வாங்கறவனுக்கல்ல கேக்கோணும்" என்று மாரியப்பன் ஒரே போடாகப் போட்டான். நல்லுசாமி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பிற்பாடு எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

இசைத்தட்டுக் கம்பெனிக்கும் கடிதம் போட்டேன். பதிலும் வந்தது. அசல் நாடாவிலிருந்துதான் பதிப்பிக்கிறோம், எதையும் நீக்கவில்லை, தங்கள் அபிமானத்துக்கு நன்றி. அதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. சரசு ஆத்தூர்ப் பக்கம். அவள் ஊரில் தறியே கிடையாது. பாக்குத் தோப்பும் மஞ்சள் காடும்தான். அவள் வந்த பிறகு முதல் அமாவாசையன்று, பகலில், மயில் அட்டை மறுபதிப்பைப் போட்டேன். மாரியப்பன் இன்னும் வரவில்லை. சரசு அரிவாள்மனையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். முள் ஓடியது. அண்ணன் இன்னும் தொடங்கவில்லை. அவள் சட்டென்று காயைக் கீழே போட்டு, கண்ணை மூடி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு இப்பக் கன்னத்துல போட்டுக்கிட்ட?"

"மணி அடிச்சுதில்ல?"

முள்ளை எடுத்து மறுபடி வைத்தேன். வெறும் இரைச்சல். அதே இடத்தில் அவள் கை மறுபடி கன்னத்துக்குப் போயிற்று.

முருகன் படத்துக்குப் பின்னால் கைவிட்டு மஞ்சள் துணியை அவிழ்த்தேன். பல வருஷமாக நான் போடாத முதல்பதிப்பு. அதைப் போட்டேன். அதிலும் மணி இல்லை. ஆனால் சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுபதிப்பை நாங்கள் ஒருநாளும் முதல்பதிப்போடு வைத்துப் பார்க்கவில்லை. எங்கள் ஞாபகத்தோடு மட்டுமே வைத்துப் பார்த்திருக்கிறோம்.

சரசு அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "ஏங்க, நான் பின்னால வந்து நின்னா நீங்க திரும்பறதே இல்ல. கொலுசு போட்டுக்கிட்டுத்தானே வரேன்? என்னைப் பிடிக்கலையோன்னு இருந்தேன்" என்றாள்.

நோட்டை எடுத்துச் சிவப்பு வரிகளை வரிசையாகப் படித்தேன். மணி, சலங்கை, குயில், ஜால்ரா. கம்பெனி திருடியதன் பட்டியல் என்றல்லவா நினைத்திருந்தேன்? என் காதை விட்டுப் போனவற்றின் பட்டியல் அது. என் கையெழுத்திலேயே இருந்தது. இரண்டு சாட்சியும் ஒரே பட்டறையில் நின்றவர்கள்.

சேலத்தில் காது டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: போனது வராது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தச் சத்தத்தை விட்டு வெளியே வா. வெளியே வந்தேன். ராசிபுரத்தில் ஒரு பூஜைச் சாமான் கடையில் பொட்டலம் கட்டினேன். மாரியப்பனை வரவைக்கத்தான் முடியவில்லை. டீக்கடைப் பெஞ்சில் உட்காரவைத்து, வாயை நன்றாகத் திறந்து எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"ஊட்டுக்காரி சொன்னான்னு கம்பெனிக்காரன் பக்கம் சாஞ்சுட்டியா மாப்ள?"

"சொன்னாக் கேளுடா. ஒருக்கா டாக்டரைப் பாரு."

"பாத்து? மூணு பொட்டப்புள்ளய வெச்சுக்கிட்டு, தறிய உட்டுப்போட்டு நான் எந்தக் கோயல்ல மணியாட்டறது?"

மலையேறி அவன் காதுக்காக வேண்டிக்கொண்டேன், வேறென்ன தெரியும் எனக்கு? அமாவாசைதோறும் அவன் வருவான். புதுக் கேசட்டைப் போடுவோம். இதில் வீணை இல்லை, எழுது என்பான். இதில் பின்பாட்டுப் பெண்களைக் காணோம், எழுது என்பான். வீணையும் எனக்குக் கேட்கும், பெண்கள் குரலும் கேட்கும். இருந்தும் எழுதுவேன். அது பாவமா புண்ணியமா என்று இன்றுவரை அந்த முருகனைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வரி எழுதும்போதும் அடுத்து அவன் காதை விட்டுப் போவது என்ன என்று மனசு கணக்குப் போடும். என்ன மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு அமாவாசை. மயில் அட்டைக்கு இன்னொரு தங்கத் தட்டு கிடைத்ததைக் கொண்டாட, அதே பாட்டுகளைக் கேசட்டில் மறுபடி விட்டிருந்தார்கள். மாரியப்பன் டேப் பெட்டியின் ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பாட்டு முழுக்க அப்படியே இருந்தான். பிறகு நிமிர்ந்தான்.

"மாப்ள, இந்தத் தடவ பெருசா கை வெச்சுட்டானுங்க. தபேலா இருக்குது. அண்ணனைக் காணோம்."

அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணில் இல்லை. அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"எழுது" என்றான்.

எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்தால் அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியாமலே நான் கூடச் சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். நிறுத்தாமல், கேசட்டின் அந்தப் பக்கம் முடியும்வரை வாயசைத்தேன். பட்டறையில் பேசுவதுபோல், உதட்டை நன்றாக விரித்து. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு எழுதியதுதான் நோட்டின் கடைசி வரி. மாரியப்பன் இப்போது இல்லை. அண்ணனும் போய்ச் சேர்ந்தார். பட்டறை இருந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் நிற்கின்றன. நல்லுசாமி கடையில் கைபேசி உறை விற்கிறார்கள். மகன் வாங்கித் தந்த காது மிஷினில் மின்விசிறி இடிபோல் கேட்கிறது, மணி மட்டும் கேட்பதில்லை. அதனால் எனக்குக் குறையில்லை. இத்தனை வருஷமும் அந்த மணியைச் சரசுவின் கையில்தான் கேட்டு வந்திருக்கிறேன். அவள் கை கன்னத்துக்குப் போகும், என் கையும் பின்னாலேயே போகும்.

போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் மகன் அந்தப் புதுப் பதிப்பை, மயில் அட்டையை, வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் வழக்கம்போல் சரசுவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை மடியிலேயே இருந்தது. அண்ணன் பாட ஆரம்பித்துவிட்டார்.

இந்தத் தடவை நிஜமாகவே மணியை எடுத்துவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மகனிடம் கேட்டால், மணி போனது பாட்டிலிருந்தா சரசுவின் காதிலிருந்தா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இன்றோடு ஆறு நாள் ஆகிறது. இன்னும் கேட்கவில்லை. சிவப்புப் பேனா நோட்டின்மேல் அப்படியே கிடக்கிறது.