வாசலிலிருந்து திருப்பி அனுப்பிய நாள்

மார்கழி லீவு முடிந்து மற்றப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஜனவரி பிறந்ததும் திறந்துவிடும். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கணக்குச் செல்லாது. நான் வேண்டுமானால் வந்து மேசையைத் துடைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம். மார்கழியில் எந்தத் தாயும் புதுப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரமாட்டாள். பொங்கலும் மாட்டுப்பொங்கலும் முடிந்து, அடுத்து வரும் நல்ல நாளில்தான் குடும்பம் குடும்பமாக ஏறி வருவார்கள். அதுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் நாள்.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. நான் மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்தவள். இரத்தோட்டையைத் தாண்டி மலைக்குள் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான் எனக்கு முதல் வேலை. பள்ளிக்கூடம் என்றால் தகரக் கூரை போட்ட நீளமான ஒரே அறை. ஆசிரியர்கள் பெரிய வாத்தியாரும் நானும் மட்டும். மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் அது நின்றது. பின்பக்கம் செங்குத்தான மண்மேடு. முன்பக்கம் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு இறங்கும் கற்படிகள்.

திறப்பு நாளுக்கென்று ஒரு முறை இருந்தது. புதுப்பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தலைவாரி, புதுச் சிலேட்டைக் கையில் கொடுத்து, தாய் ஒரு தட்டில் வெற்றிலை, வாழைப்பழம், சீனி, கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு வருவாள். நான் வாசலில் நிற்க வேண்டும். பிள்ளையின் கையைப் பிடித்து, வலது காலை நிலைப்படிக்கு உள்ளே வைக்கச் செய்ய வேண்டும். பிறகு சுளகில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து முதல் எழுத்து. எழுத்துக்கூட அவர்களுக்கு அவ்வளவு பெரிதில்லை, அந்தக் காலடிதான் பெரிது. வாசல்வரை வந்த பிள்ளை உள்ளே கால் வைக்காமல் திரும்பினால் படிப்பும் வராது, ஆயுசும் நிற்காது என்று நம்பினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கும் அளவுக்குத் திமிரும் இல்லை.

அந்த வருடம் பொங்கலுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன். மழை விடவே இல்லை. நனைந்த சேலையோடு படியேறி வந்து பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மண்மேடு முழுவதும் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்த மானாப் புல்லைக் காணவில்லை. உச்சி முதல் அடி வரை வெறும் சிவப்பு மண், மழித்த தலைபோல் இருந்தது.

புல்லுவெட்டுக் கங்காணி எனக்காகவே காத்திருந்தவர்போல் சிரித்துக்கொண்டு வந்தார். மலைகளில் களை எடுக்கும் ஆட்களை வேலை வாங்குகிறவர் அவர்தான். நல்ல மனிதர். கொஞ்சம் பெருமை பிடித்தவர்.

“எப்பிடி டீச்சர் இருக்கு? போன வருசம் பாம்பு கெடந்துச்சுன்னு தாய்மாருங்க பயந்தாங்கல்ல. இனி இதுல ஒத்தப் புல்லு மொளைக்காது” என்றார்.

“யாரு செய்யச் சொன்னது?”

“யாரு சொல்லணும்? நம்ம புள்ளைங்க படிக்கிற எடம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நம்ம ஆளுங்க எல்லாம் வந்து சொரண்டிட்டோம். மேட்டுல நின்ன அந்தப் பழைய சவுக்குக் குத்தியையும் வேரோட தோண்டிட்டேன். பொங்கலுக்கு வெறகாச்சு.”

தோட்டத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இது விளங்காது. ஒரு மலையில் புல் தெரிந்தால் துரையின் வாயிலிருந்து என்ன வரும் என்பது கங்காணிக்குத்தான் தெரியும். சுரண்டி என்ற அந்தச் சின்ன இரும்பால் மண்ணின் மேல்தோலைச் சீவி எடுத்து, வெறும் நிலத்தைக் காட்டினால்தான் அவர் நல்ல கங்காணி. அப்படியே வளர்ந்தவர்களுக்கு வெறும் மண்தான் அழகு. பள்ளிக்கூடத்துக்கு வரும் குடும்பங்களை வரவேற்க அவர்கள் கையில் இருந்த ஆகச் சிறந்த சீர் அது. சுரண்டிய புல்லையும் மண்ணையும் மேட்டின் உச்சியில் ஓடிய கானுக்குள் தள்ளி நிரவியிருந்தார்கள். மழைத்தண்ணீரைப் பக்கமாகத் திருப்பிவிட வெட்டிய கான் அது. லீவில் யார் இதையெல்லாம் கவனிப்பது?

நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அவருடைய மகள் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு என்னை எட்டிப் பார்த்தாள். அந்த வருடம் சேரப்போகிற பிள்ளை. அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டும் கைக்குழந்தையிலேயே போய்விட்டன. இவள் ஒருத்திதான் தங்கினாள். அதனால் அந்தப் புருசனும் பெண்சாதியும் தும்மலுக்குக்கூடச் சகுனம் பார்ப்பார்கள்.

“பள்ளிக்கூடம் வருவியா?” என்றேன்.

“நாளைக்கே வருவேன்” என்றாள்.

“வாய மூடு. தை பொறக்கட்டும்” என்று தகப்பன் அதட்டினார். அதட்டும்போதும் முகத்தில் சிரிப்புத்தான்.

பள்ளிக்கூடத்தின் பின்னால் ஒரு பீலி இருந்தது. மலை ஊற்றுத் தண்ணீர் மூங்கில் வழியாக வந்து விழும். பிள்ளைகள் குடிப்பதும் சிலேட்டுக் கழுவுவதும் அதில்தான். நான் வந்த மறுநாள் அதில் தண்ணீர் சிவப்பாக விழுந்தது. மழைதானே என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் நூல்போல் மெலிந்து விழுந்தது. பொங்கலன்று காலையில் குடத்தோடு போனேன், ஒரு சொட்டு இல்லை. மேலே வானம் கொட்டுகிறது, கீழே பீலி காய்ந்து கிடக்கிறது. எனக்கு மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தத் தண்ணீர் எல்லாம் எங்கேதான் போகிறது? குடத்தை அங்கேயே வைத்துவிட்டு மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மேடு கொஞ்சம் முன்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. மனப்பிரமை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பெரிய வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பொங்கல் தின்றுகொண்டிருந்தார்.

“எல போயி அடைச்சிருக்கும். கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லியிருக்கேன். மழ விட்டதும் ஆள் அனுப்புறேன்னாரு” என்றார்.

“மழ விடுற வரைக்கும் மேடு நிக்குமா சேர்?”

“தை பொறந்த அன்னிக்கே என்ன பேச்சு இது? நல்லதா நாலு வார்த்த பேசுங்க டீச்சர்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவரையும் குறை சொல்லமுடியாது. திறப்பு நாளுக்குக் கோயிலில் ஆள் வைத்து நாள் பார்த்தாகிவிட்டது. கடலை அவிக்க ஆள் சொல்லியாகிவிட்டது. இந்த நேரத்தில் டவுனிலிருந்து வந்த ஒருத்தி பீலி காய்ந்துவிட்டது என்று ஒப்பாரி வைத்தால் யார்தான் காதில் போட்டுக்கொள்வார்கள்?

திறப்பு நாள் காலையிலும் மழைதான். கதவைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. தோளால் இடித்து உள்ளே போனபோது பின்சுவர் ஓரமாகச் சீமெந்துத் தரை வீங்கியிருந்தது. அதில் என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு, சுவரின் இந்தக் கோடி தொடக்கம் அந்தக் கோடி வரை. முதல் நாள் மாலையில் அது இல்லை. நான் வெளியே வந்து கதவுக்குக் குறுக்கே நின்றேன்.

படியில் ஆட்கள் ஏறிவரத் தொடங்கிவிட்டார்கள். தலையில் மழைக்குப் போர்த்திய சாக்குக் கொங்காணி, இடுப்பில் பிள்ளை, தட்டு நனையாமல் மேலே பிடித்த சேலைத் தலைப்பு. இந்த மழையிலும் ஒவ்வொரு முகமும் சிரித்தது. வழக்கமாக அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கும் சிரிப்பு வரும். அன்றைக்கு அவர்கள் ஒவ்வொரு படியாக ஏற ஏற, இறங்கிப் போங்கள் என்று கத்தத்தான் தோன்றியது. கத்தியும்விட்டேன்.

“உள்ள யாரும் வரக்கூடாது. எல்லாரும் கோயிலுக்கு நடங்க. அங்க வச்சு எழுத்துச் சொல்லித் தாறேன்.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் தாய்மார் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். புல்லுவெட்டுக் கங்காணிதான் முன்னால் நின்றார். மகளுக்குச் சிவப்பில் புதுச் சட்டை. அவர் பெண்சாதியின் கையில் தட்டு.

“என்ன டீச்சரம்மா பேசுறீங்க? வாசலுக்கு வந்த புள்ளயத் திருப்பலாமா? ரெண்டக் குடுத்துட்டு ஒண்ண வச்சிருக்கேன் நானு” என்றாள் அவள்.

“மேடு எறங்குது. தரை வெடிச்சிருக்கு. வந்து பாருங்க.”

“எந்த மேடு? நான் கையால செஞ்ச மேடா?” என்றார் கங்காணி. அவருடைய முகம் சுண்டிப்போயிற்று. “முப்பது மலைய இப்பிடிச் சொரண்டியிருக்கேன். ஒண்ணும் எறங்கல. எங்க வேல புடிக்கலன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம் டீச்சர். நாள் பாத்து, சனத்துக்கு முன்னால வச்சுச் சொல்றீங்க.”

அது அப்படியில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தபோது, சனத்தோடு ஏறி வந்த பெரிய வாத்தியார் என்னைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நெற்றியில் பூசிய விபூதி மழையில் வழிந்தது. அவரும் என் பக்கத்தில் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றார். அதைப் பார்த்ததும் சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஒரு கிழவி போகும்போது எனக்குக் கேட்கும்படி சபித்து, மண்ணை அள்ளித் தூற்றினாள். ஈர மண், என் சேலையில் ஒட்டிக்கொண்டது.

கோயில் லயங்களுக்கு அப்பால் பாறைமேல் இருந்தது. அங்கே போய்ச் சேரும்வரை மேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சேர்ந்த பிறகு கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. எல்லாரையும் இறக்கிவிட்டேன், இனி மேடு வந்தால் வரட்டும், தகரமும் பலகையும்தானே என்று நினைத்தேன். தூணோரத்தில் சுளகை வைத்து அரிசியைப் பரப்பினேன். பெரிய வாத்தியார் ஒவ்வொரு குடும்பமாக வாங்க வாங்க என்று கூப்பிட்டார். கோபமாக வந்த தாய்மார் பிள்ளையின் விரல் அரிசியில் ஓடுவதைப் பார்த்ததும் இளகினார்கள். கடலை வந்தது. பிள்ளைகள் சாமி வாசல் என்றும் பாராமல் ஓடித் திரிந்தார்கள்.

“எங்க நம்ம கங்காணி மக? அடுத்தது அவதான்” என்றேன்.

அவள் தாய் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டில் வெற்றிலை அப்படியே இருந்தது, கற்பூரத்தைக் காணவில்லை. நான் கிட்டப் போனதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“எங்க ரெண்டு பேரும்?”

“கோவிச்சுக்காதீங்க டீச்சரம்மா. கோயிலு கோயிலுதான், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடந்தான்னு சொன்னாரு. ஒரு எட்டுத்தான். உள்ள கால வச்சு எடுத்துட்டுச் சுருக்கா வந்துருவோம்னு…”

அவள் முடிக்கும்வரை நான் நிற்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. நான் அவர்களைத் திருப்பாமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் எனக்குத் தெரியும். திருப்பியதால்தான் அவர் திரும்பிப் போனார் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்து என்ன பிரயோசனம்? அன்றைக்கு ஓடும்போது இதெல்லாம் மனதில் இல்லை. சிவப்புச் சட்டை, சிவப்புச் சட்டை என்று அது மட்டுந்தான் மண்டைக்குள் ஓடியது.

லயத்து வாசல்கள் வழியாக ஓடினேன். செருப்பு எங்கே போயிற்றோ தெரியாது. கற்படியில் கால் வைத்தபோது இடி இடிப்பதுபோல் ஒரு சத்தம் கேட்டது. இடி என்றால் நின்றுவிடும். இது நிற்கவில்லை. காலுக்குக் கீழே கல் நடுங்கியது. நான் படியோரத் தேயிலைச் செடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சத்தம் அடங்கியதும் பச்சை மண் வாடை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மழைக்கும் பனிப்புகாருக்கும் நடுவில் தகரக் கூரை தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரத்தில் மேலே படியில் சின்னக் காலடிச் சத்தம் கேட்டது. சாக்குக் கொங்காணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் குதித்துக் குதித்து இறங்கி வந்தாள். இடிக்குப் பயந்தவள்போல்கூடத் தெரியவில்லை. சிவப்புச் சட்டையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“டீச்சர், நான் கால வச்சிட்டேன். சோத்தாங்காலு” என்றாள்.

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

“அப்பா எங்கம்மா?” என்றேன்.

“என்ன முன்னால எறங்கச் சொன்னாங்க. கற்பூரம் கொளுத்திட்டுப் பின்னுக்கு வாராங்க” என்று சொல்லிவிட்டு, அவர் வருகிறாரா என்று மேல்படியைத் திரும்பிப் பார்த்தாள்.