இரும்பு படாத குருவிச்சை

செல்வமலர் அக்காவுக்குப் பயம் கூடவே பிறந்தது. அரசாங்கக் கடிதம் வந்தால் உறையைப் பிரிக்கப் பயம், தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தால் எடுக்கப் பயம், என் காரில் ஏறினால் என் ஓட்டத்துக்குப் பயம். கடைசிப் பயத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கனடாவில், பியர்பொன்ட்ஸில் நாங்கள் அடுத்தடுத்த வீடு. புவாண்ட்-கிளேரில் கிரீமும் சவர்க்காரமும் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை என்பதால், காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னோடு வருவார்.

அங்கே எல்லாம் ஷியா வெண்ணெயில்தான் ஓடுகிறது. புர்கினா பாசோவில் ஒரு கிராமத்துப் பெண்கள் ஷியா மரத்தடியில் விழும் பழங்களைப் பொறுக்கி, கொட்டையை அரைத்து, வெண்ணெய் எடுத்து அனுப்புகிறார்கள். அவர்களின் தலைவி மரியத்தோடு வீடியோவில் பேசும் பொறுப்பை முதலாளி அக்காவிடம் கொடுத்திருந்தார். அக்காவின் பிரெஞ்சு நொண்டி நொண்டித்தான் நடக்கும். மரியத்துக்கும் அது வீட்டு மொழி இல்லை, ஆகவே இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

சில வருஷங்களுக்கு முன் அப்படிப் பேசும்போது மரியம் கத்தியோடு ஒரு மரத்தடியில் நின்றிருக்கிறார். கிளையில் சிவப்புப் பூவோடு ஒரு பச்சைக் கொத்து. அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவி, குருவிச்சை. அவர் வீட்டு வழக்கத்தில் அதை நாள் நட்சத்திரம் பார்த்து, இரும்பு படாமல் கையால் ஒடித்து, மஞ்சள் துணியில் முடிந்து வைப்பார்கள். அவருடைய கைப்பையிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. "கத்தி வேண்டாம், அது ராசி" என்று தெரிந்த பிரெஞ்சில் பதறியிருக்கிறார். மரியம் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அக்காவும் அதை மறந்துபோனார்.

வருஷா வருஷம் வெண்ணெய் குறைந்தது. இந்த வருஷம் பாதிகூட வரவில்லை. முதலாளி எங்களைக் கூப்பிட்டு, அங்குள்ள விவசாய அலுவலர் அனுப்பிய படங்களைக் காட்டினார். குருவிச்சை மரத்தின் தண்ணீரை உறிஞ்சுகிறது, அதற்கு அப்பால் உள்ள கிளை காய்க்காமல் காய்ந்துபோகிறது, குருவிகள் விதையை மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. வெட்டச் சொன்னால் பெண்கள் மாட்டோம் என்கிறார்களாம். கனடாவிலிருந்து வேண்டாமென்று சொன்னார்களாம்.

"யார் சொன்னது?" என்று முதலாளி கேட்டார்.

அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. 

மதியச் சாப்பாட்டு நேரம் என் காருக்குள் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். "அஜிதா, வேலை போகப்போகுது. அதைவிட அந்தச் சனத்தின்ரை மரம் போகுது. நான் என்ன செய்ய?"

"எடுத்துக் கதையுங்கோ அக்கா. முதலிலை மரத்தைக் காப்பாத்துவம்."

அங்கேயே மரியத்தை அழைத்தார். நான் சொன்னது பிழை, வெட்டுங்கள் என்றார்.  மரியமோ, அது மரத்தைக் கெடுக்கும் என்று சின்ன வயதிலிருந்தே தங்களுக்குத் தெரியும் என்றார்.

"தெரிந்தும் ஏன் விட்டீர்கள்?"

"வாங்குகிறவர் நீங்கள். சொல்லைக் கேட்காமல் வெட்டி, நீங்கள் வாங்காமல் விட்டால்? உங்களுக்குப் பயந்துதான்."

அக்கா போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்குப் பயந்தவையாம், அஜிதா. எனக்கு."

கடையில் பழுதான சாமானைத் தந்தாலும் திருப்பிக் கொடுக்கப் பயப்படுகிற மனுஷி. 

வெட்டினால் முதலாளி கோபிக்கமாட்டாரா என்று மரியம் கேட்டார். அக்கா போனோடு காரைவிட்டு இறங்கினார். பனியில் சப்பாத்து வழுக்க வழுக்க நடந்துபோய் முதலாளியின் கதவைத் தட்டினார். நான் பின்னால் ஓடினேன்.

"சொன்னது நான்தான். வெட்டலாம் என்று இப்போது நீங்கள் சொல்லுங்கள்" என்று போனை நீட்டினார். 

முதலாளி வாங்கி, "வெட்டுங்கள், தொடர்ந்து வாங்குவோம்" என்றார். அக்காவின் முகத்தைப் பாராமல் போனைத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

மரியம் நன்றி சொல்லிவிட்டு, போனைத் தன் வீட்டோரத்து மரத்துக்குத் திருப்பினார். மேல்கிளையெல்லாம் பட்டுப்போய், கீழே குருவிச்சை மட்டும் பூத்திருந்தது. "அன்றைக்கு நான் கத்தியோடு நின்ற மரம். இதற்கு இனி வெட்டியும் பயனில்லை" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் எவ்வளவு வேகமாக ஓட்டியும் அக்கா பல்லைக் கடிக்கவில்லை. வாசலில் இறங்கும்போதுதான் பேசினார்.

"இவ்வளவு காலமும் மற்றவைக்குப் பயந்து திரிஞ்சன், அஜிதா. இப்ப என்ரை வாய்க்குப் பயமாக் கிடக்கு."