முட்டிப் பயிற்சியும் ஒன்பதாவது பாட்டும்

மண்ணூரில் என் வீட்டு மாடியைத்தான், அங்கே வாடகைக்கு இருந்த நான்கு பையன்களும் ஸ்டூடியோ என்று சொன்னார்கள். கார் சீட் கம்பெனி கழித்துப் போட்ட ஃபோம் துண்டுகளைச் சுவரெங்கும் ஒட்டியிருந்தார்கள். நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். ஒட்டியது சரியில்லை, விழுந்துகொண்டே இருக்கும். நான்கு பேருக்கும் ஒரகடம் பக்கம் ஷிப்ட் வேலை. ஓய்ந்த நேரத்தில் ப்ளூஸ் ராக் வாசித்து, ஒன்பது பாட்டுள்ள ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். எட்டு முடிந்துவிட்டது. கிடார் வாசித்துப் பாடுகிறவனைக் கம்பெனி வடக்கே மாற்றிவிட்டது, திங்கட்கிழமை ரயில். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்பதாவது முடியாவிட்டால் ஆல்பமே இல்லை.

சிக்கல் டிரம்ஸ் அடிக்கிறவனிடம் இருந்தது. அவனுக்குக் கார் அசெம்பிளி லைனில் வேலை. வண்டி நகர்வதற்குள் போல்ட்டை முடுக்க வேண்டும். தாமதித்தால் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும், சூப்பர்வைசர் வந்துவிடுவார். மற்ற எட்டும் வேகப் பாட்டுகள், பிழைத்தன. இது மெதுவான பாட்டு. ஞாயிறு மதியம் மாடியில் பாடுகிறவனுக்கும் அவனுக்கும் நடந்த சண்டை கீழே என் அறைவரை கேட்டது.

"இன்னாடா இது? ஓவர்டைம் முடிச்சு, பஸ்ஸ வுட்டுட்டு நடந்து போறவன் பாட்டுடா. நீ பஸ்ஸ புடிக்க ஓடற மாதிரி அடிக்கிற!"

"இழுத்தா லேட்டாயிடும் மச்சான்."

"லேட்டாதான் ஆவணும்! இங்க லைட்டா எரியப் போவுது?"

"எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

எனக்கு என் வேலை இருந்தது. முட்டியில் ஆபரேஷன் ஆனபின், இரண்டு கால்களையும் தலா பதினைந்து முறை தூக்கி, நிறுத்தி, இறக்கச் சொல்லியிருந்தாள் பிசியோதெரபி பெண். நான் உரக்கத்தான் எண்ணுவேன். மனதுக்குள் எண்ணினால் ஏமாற்றத் தோன்றும்.

"ஒண்ணு... அய்யோ... ரெண்டு... அய்யய்யோ..."

ஏழில் கதவு தட்டப்பட்டது. பாடுகிறவனும் அவன் பின்னால் டிரம்ஸ்காரனும் நின்றார்கள்.

"சார், உங்க சத்தம் மைக்ல வுழுது. கொஞ்சம் நிறுத்திக்கங்க."

"உங்க சத்தம் மாசக்கணக்கா என் காதுல விழுது, நான் எங்கே போய்ச் சொல்றது? இப்ப எண்ணிக்கை போச்சு. மறுபடியும் ஒண்ணுலேருந்துதான்."

வீம்புக்கு இன்னும் உரக்க ஆரம்பித்தேன். டிரம்ஸ்காரன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு குச்சியால் கதவு நிலையில் தட்டினான்.

"மச்சான், இதான்டா! பெருசு ஒண்ணுன்னு சொல்லிட்டு எவ்ளோ நேரம் நோவுது பாரு. இனிமே ரெண்டு வராதுன்னு நெனைக்கும்போது வருது."

"யாருடா பெருசு?" என்றேன், காலை இறக்காமல்.

"நீங்கதான் சார். இறக்காதீங்க... இப்ப இறக்குங்க!"

வலது காலோடு ஒத்திகை முடிந்தது. ஒரு மைக்கை மாடிப்படி வழியாக என் கட்டிலுக்கே இறக்கினார்கள். ஹெட்போனில் என் குரல் கேட்க, டிரம்ஸ்காரன் மேலே உட்கார்ந்தான். இடது காலுக்குப் பதிவு. ஆபரேஷன் ஆனது அந்தக் கால்தான். பதினொன்றில் நான் நிஜமாகவே அலறினேன். மேலே பாடுகிறவனும் அலறினான். பதினைந்தில் காலை இறக்கினேன். பாட்டும் நின்றது.

டிரம்ஸ்காரன் சட்டை நனைய இறங்கி வந்தான். "சார், ஒரு லைட்டும் எரியல!"

மறுநாள் பாடுகிறவன் ரயிலேறினான். பிறகு ஆல்பம் வந்தது. ஒன்பதாவது பாட்டு என் குரலில்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் நான்கோடு வெட்டிவிட்டார்கள். மீதிப் பதினொன்று எங்கே என்று பாடுகிறவனைப் போனில் கேட்டால், "ஃபீல் போயிடும் சார்" என்கிறான்.

பிசியோதெரபி பெண்ணுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டாள்.

"நாலுதான் செஞ்சீங்களா?" என்றாள்.