என் நட்சத்திரத்தில் கறுப்பிக்கு ஓர் அர்ச்சனை

முத்து இறந்த நாளிலிருந்து கறுப்பி சாப்பிடவில்லை.

இரண்டும் எங்கள் பூனைகள். இரண்டுக்கும் இரத்தப் புற்றை உண்டாக்கும் அந்தப் பூனை வைரஸ் இருந்தது. தெரிந்துதான் மிருகக் காப்பகத்திலிருந்து எடுத்தேன். மருந்தில்லாத நோய். எச்சிலால் மற்றப் பூனைகளுக்குத் தொற்றும், மனிதருக்குத் தொற்றாது. அதனால் நோயில்லாத பூனை இருக்கிற வீட்டுக்கு இவற்றைக் கொடுக்க மாட்டார்கள், வெளியே உலாவ விடவும் கூடாது. ஆகவே யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறவள் நான். வைரஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். சீக்கிரம் செத்துவிடும் என்பதற்காக ஓர் உயிரை நேசிக்காமல் விடுவது என்ன நியாயம் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்படிப் பார்த்தால் யாரைத்தான் நேசிப்பது?

முத்து போன வருடம் மாசியில், உடம்பில் இரத்தம் வற்றி, என் மடியிலேயே போனான். நான் தாங்கிக்கொண்டேன். கறுப்பி தாங்கவில்லை. அவளுடைய காதை நக்கிச் சுத்தம் செய்தவன் அவன். வரவேற்பறை ஹீட்டருக்குக் கீழே போய்ப் படுத்தவள் எழும்பவே இல்லை. பசி வரவைக்கும் மருந்து கொடுத்தோம். மீனைச் சூடாக்கி மூக்கருகே வைத்தோம். முகத்தைத் திருப்பினாள். மிருக வைத்தியர் நல்ல மனுசி. தயங்கித் தயங்கிச் சொன்னார், "அவளைப் போக விடுவதைப் பற்றியும் நீங்கள் யோசிக்க வேண்டும்."

நாங்கள் இருக்கும் ஓஸ்டர்முண்டிகனுக்குத் திரும்பும் பேருந்தில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். இந்த ஐரோப்பிய நாட்டில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அன்று அது வசதியாக இருந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அம்மாவோடு எங்கள் முருகன் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"பெயர்?" என்றார் ஐயர்.

"கறுப்பி."

நிமிர்ந்து பார்த்தார். "ஆரம்மா, கைக்குழந்தையோ?"

"இல்லை ஐயா, பூனை. நோய் வருத்தம். சாப்பிடுதில்லை."

பின்னால் ரஞ்சி மாமி சிரித்தார். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர். "எடி பிள்ளை, அடுத்த கிழமை மீன்தொட்டிக்கும் செய்விப்பியோ?"

"மயிலையும் சேவலையும் பக்கத்தில வச்சிருக்கிறவர் மாமி. பூனையைக் கலைச்சு விரட்ட மாட்டார்."

ஐயர் இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். "சரி, நட்சத்திரம்?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கறுப்பியை யாரோ ஒரு விவசாயியின் வைக்கோல் கொட்டிலில் கண்டெடுத்திருந்தார்கள். பிறந்த நாளே தெரியாதவளுக்கு நட்சத்திரம் எங்கே?

"என்ரை நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ ஐயா. அனுசம்."

அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். "விசரோ உனக்கு? வருத்தக்காரருக்கு உன்ரை நட்சத்திரத்தைக் குடுக்கிறதோ?"

"குடுத்தாச்சு அம்மா."

அனுஷ நட்சத்திரம், விருச்சிக ராசி, கறுப்பி என்று மூலஸ்தானத்திலிருந்து கேட்டது. நான் கண்ணை மூடினேன். ஆயுள் கேட்கவில்லை. முருகா, அவள் சாப்பிட வேண்டும், அதையும் தரமாட்டாய் என்றால் நீ எதற்கு என்று கேட்டேன். அது பணிவான பிரார்த்தனை அல்ல, சண்டை.

சனி காலை காப்பகத்திலிருந்து தொலைபேசி. பாசல் நகரில் ஒரு கிழட்டுப் பூனை. பெயர் ரூடி. ஒற்றைக் கண். வளர்த்த முதியவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போய்விட்டார். அதே வைரஸ். வேறு யாரும் எடுக்க மாட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். எனக்கு அவ்வளவு கோபம். நான் கேட்டது என்ன முருகா, நீ அனுப்புவது என்ன? இன்னொரு சாவையா?

ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. சாகப்போகிறவனை நேசிக்கக் கூடாதா என்று ஊரோடு வாதாடியவள் நான். இப்போது நானே கதவைச் சாத்தலாமா? வருகிறேன் என்று திரும்ப அழைத்துச் சொல்லிவிட்டு, காலில் சப்பாத்தைப் போட்டேன்.

"ஒண்டு போயிட்டுது, ஒண்டு போகக் கிடக்கு. இப்ப மூண்டாவதோ?" என்று அம்மா ஏசினார். ஏசிக்கொண்டே பூனைக் கூட்டைத் துடைத்து என் கையில் தந்தார்.

ரூடி செம்மஞ்சள் நிறம், சரியான குண்டன். முதலில் தனி அறையில் வையுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வைத்தேன். கதவு சரியாகச் சாத்துப்படவில்லை. அவன் நேரே சமையலறைக்கு நடந்து, கறுப்பியின் தட்டில் முகத்தைப் போட்டு, சப்புச் சப்பென்று சத்தமாகத் தின்னத் தொடங்கினான்.

ஹீட்டருக்குக் கீழிருந்து கறுப்பி வந்தாள். கால் தள்ளாடியது. சீறினாள். அவன் மண்டையில் ஓர் அடி. அவன் ஒதுங்கினான். அவள் தட்டின் முன்னால் குந்தி, இனி எவனுக்கும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது போலத் தின்றாள்.

"பிள்ளை, ஓடி வா! தின்னுது, தின்னுது!" என்று அம்மா கத்தினார். இரண்டு பேரும் அழுதோம். "ரூடியர் மருந்தோடைதான் வந்திருக்கிறார்," என்றார்.

அது வெறும் போட்டிக் குணம் என்று என் பல்கலைக்கழக நண்பர்கள் விளக்கம் சொன்னார்கள். சரி, போட்டிதான். அந்தப் போட்டியை என் சமையலறைக்குக் கொண்டுவந்தது யார்? நான் வேண்டாம் என்றல்லவா தொலைபேசியை வைத்தேன்?

கறுப்பி அந்தக் கோடை முழுக்க வலை போட்ட பல்கனியில் வெயில் காய்ந்தாள். பனிக்காலம் முழுக்க ரூடியின் வயிற்றில் தலை வைத்துத் தூங்கினாள். இந்த வசந்தத்தில் வயிற்றில் கட்டி வந்தது. போய்விட்டாள்.

கோயிலில் ரஞ்சி மாமி கேட்டார். "அர்ச்சனை செய்தும் போயிட்டுதாமே. முருகன் கைவிட்டிட்டாரோ?"

"நான் சாப்பாடு கேட்டனான் மாமி. கடைசிக் கிழமை வரைக்கும் வடிவாச் சாப்பிட்டவள்."

மாமி விடவில்லை. "கேக்கிறதுதான் கேட்டனீ, ஆயுளையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே?"

மாமிக்குப் பதிலை இப்போது சொல்கிறேன். எவ்வளவு காலம் இருப்பாள் என்று அளந்து பார்த்து நான் அவளை நேசிக்கவில்லை. முருகனும் அளந்து பார்த்து இரங்குகிறவர் இல்லை.

இந்த முறை ரூடி சாப்பாட்டை நிறுத்தும்வரை நான் காத்திருக்கவில்லை. நானே காப்பகத்துக்கு அழைத்தேன். ஒரு வெள்ளைப் பூனை இருக்கிறதாம், அதே வைரஸ். சனிக்கிழமை போகிறோம். அம்மாவும் வருகிறார்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு கவலை இருக்கும். இதையெல்லாம் சாமியிடம் கேட்பதா என்று யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்கள் கேளுங்கள், சண்டை பிடித்தாவது கேளுங்கள். வந்து சேர்வது கேட்டது மாதிரித் தெரியாவிட்டாலும் கதவைத் திறவுங்கள்.

வரப்போகிற வெள்ளைக்காரியும் ஒரு நாள் போவாள். தெரியும். சாவு வரும்போது வரட்டும். வந்து பார்த்தால் தட்டில் சாப்பாடு இருக்கும், பக்கத்தில் படுக்க ரூடி இருப்பான், மடி தர நான் இருப்பேன். வெறும் வீடு அதற்குக் கிடைக்காது.