உயிரோடு இருப்பவருக்கு ஒரு மரண அறிவித்தல்

1. மேலே போகும், கீழே வரும்

வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகம் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில், ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் இருக்கிறது. அன்று பிற்பகல் அங்கே வந்த அழைப்பை நான்தான் எடுத்தேன். மலைநாட்டிலிருந்து ஓர் அரசாங்க அதிகாரி. பாதி சிங்களம், பாதி தமிழ்.

"நங்கி, பனிக்கல் தோட்டத்துக்கு மேல மலை வெடிச்சிருக்கு, மண் சரியலாம். அஞ்சாம் லயத்து ஆக்கள் இருட்ட முந்தி ஸ்கூலுக்குப் போகவேணும். பார வஹலா. ரோட் க்ளோஸ். போனும் நே. ஒங்கட ரேடியோ ஒண்டுதான் மிச்சம்."

திரும்பிப் பார்த்தால், எங்கள் டெக்னீஷியன் ஜெகநாதன் பின்னால் நிற்கிறார். அவருடைய மனைவி சுமதியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் இருப்பது அதே அஞ்சாம் லயத்தில்தான், தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளில்.

"நம்ம லயமா அக்கா?"

"ஓம் ஜெகன்."

அவர் ஹெட்போனைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் வேலையை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நான் கொட்டாஞ்சேனைக்காரி. மாதா கோயிலில் பூசைக்குப் பிறகு அறிவித்தல் வாசித்துப் பழகிய வாய்தான் எனக்கு மூலதனம். படித்து வந்தவள் அல்ல. சின்னச் சின்ன சமூக வானொலி நிலையங்களுக்கு நாள் முழுக்க நிகழ்ச்சி செய்ய ஆளும் கிடையாது, வசதியும் கிடையாது. அதனால் நாங்கள் இங்கிருந்து ஒரே நிகழ்ச்சியைச் செயற்கைக்கோளுக்கு அனுப்புவோம். மலையில், கரையில், வயற்பக்கத்தில் இருக்கும் நிலையங்கள் டிஷ் வைத்து அதை இறக்கித் தங்கள் எஃப்.எம்மில் விடும். அரை மணிக்கு ஒரு தடவை இங்கிருந்து ஒரு 'டூட்' ஒலி அனுப்புவோம். அது வந்ததும் நிலையங்கள் எங்களை விட்டுவிட்டுச் சில நிமிடம் தங்கள் ஊர்ச் சங்கதியைச் சொல்லும். விளம்பரம், கூட்டம், மரண அறிவித்தல். பிறகு திரும்ப எங்களோடு சேரும்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. நாங்கள் பேசுவது மேலே போகும், கீழே வரும். கீழே இருப்பவர் பேசுவது அந்த வழியால் எங்களுக்குத் திரும்பி வராது. போன் இருக்கும்வரை அது ஒரு குறையாகவே தெரியாது.

2. பதறாத காரியம்

எங்கள் வழக்கப்படி அவசர அறிவித்தல் என்றால் டூட் அடித்த கையோடு வாசிப்போம். அந்த நேரம்தான் சனம் வானொலிக்குக் கிட்ட வரும். நிலையத்தில் ஆள் இருந்தால் எங்கள் குரலை அப்படியே விடும். அன்றைக்கும் அப்படித்தான் வாசித்தேன். அடுத்த அரை மணிக்கும் வாசித்தேன். மூன்றாவது தடவையும் வாசித்தேன்.

பனிக்கல் பக்கத்து நிலையத்தில் செல்வி என்ற அறிவிப்பாளர் தனி ஆளாக வேலை செய்கிறார். அவருடைய போன் அடிக்கவேயில்லை. சுமதியின் போனும் அப்படித்தான். ஜெகன் எடுத்து எடுத்துப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

"பதறாத காரியம் சிதறாது" என்று எங்கள் மனேஜர் தயாபரன் சேர் சொன்னார். சொன்னவருடைய கை பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கடல் மண் நிறத்தில் கிடந்தது. இங்கேயே இப்படிப் பெய்தால் அங்கே எப்படி என்று எல்லோரும் நினைத்தோம்.

"அக்கா, நாம வாசிக்கிறது அங்க ஓடுதா?" என்று ஜெகன் கேட்டார்.



3. பேக்கரி நானா

மலைக்கு அந்தப் பக்கத்து டவுனில் பேக்கரி வைத்திருக்கும் மஹ்ரூப் நானா எங்கள் பழைய நேயர். வாரம் ஒரு தடவை எடுத்து, பாட்டு சரியில்லை என்று ஏசுவார். செல்வியின் எஃப்.எம் அவருடைய கடைக்கும் எட்டும். அவர் பக்கம் போன் வேலை செய்யுமோ என்று எடுத்துப் பார்த்தேன். மணி அடித்தது. எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன்.

"நானா, இப்ப செல்வியிட ஸ்டேஷன்ல என்ன போகுது? எங்கட எச்சரிக்கை கேட்டதோ?"

"என்ன எச்சரிக்கை தங்கச்சி? ஒங்கட நாடகம் ஓடிச்சு, பாட்டு ஓடிச்சு. அந்த டூட் வந்தா மௌத்து அறிவித்தல்தான் ஓடுது. காலையில இருந்து அதே மௌத்துத்தான். ஒரே ஆள எத்தன தரம் அடக்குறது?"

ஜெகன் எழும்பிவிட்டார். அவருக்கு எனக்கு முன்பே விளங்கிவிட்டது.

"செல்வி அங்க இல்ல அக்கா. கம்ப்யூட்டர் மட்டும்தான் ஓடுது. டூட் கேட்டா நம்மள வெட்டிட்டு அதோட பைல போடும். நாம டூட் அடிச்சு அடிச்சு நம்ம வாயையே மூடிக்கிட்டு இருக்கோம்."

செல்வி காலையில் வீட்டுக்குப் போன இடத்தில் பாதை மூடிப்போய் மாட்டிக்கொண்டார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். ஜெனரேட்டர் மட்டும் நன்றியுள்ள பிராணிபோல ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப டூட் இல்லாம, நாடகத்தை நிப்பாட்டிப்போட்டு நடுவில வாசிக்கிறன்" என்றேன்.

தயாபரன் சேர் தயங்கினார். "ஸ்டெல்லா, அது எல்லா ஸ்டேஷனிலயும் போகும். மற்றத் தோட்டங்களிலயும் அஞ்சாம் லயம் இருக்கு. சனம் பயந்து ஓடினா?"

"தோட்டத்துப் பேரை ரெண்டு தரம் சொல்லுவன் சேர்."

"சொல்லுங்கோ. வாறதை நான் பாக்கிறன்."

மஹ்ரூப் நானா லைனிலேயே இருந்தார். எங்கள் பேச்சு அவருக்கும் கேட்டிருக்கிறது.

"தங்கச்சி, ஒண்டு செல்றன், கோவிக்க வாணாம். மழ, மண்சரிவு எண்டு நீங்க வருஷம் முழுக்க செல்றீங்க. தோட்டத்துல ஆரும் கைவேலய விட மாட்டாங்க. அந்த மௌத்து மியூசிக் வந்தா மட்டும்தான் புள்ள அழுதாலும் வாயப் பொத்திட்டுக் கேப்பாங்க."

உண்மைதான். எங்கள் தெருவில் மீன் கூவி வரும் மரியநாயகம் சொல்வார்: "கூவுறது பெரிசில்ல தங்கச்சி, ஜன்னல் திறக்கவேணும்."

ஜெகன் என்னைப் பார்த்தார். "மரண அறிவித்தல் மியூசிக் போடுறேன் அக்கா. சுமதி பேர வாசிங்க."

"உனக்கென்ன விசரா? உயிரோட இருக்கிற பிள்ளையிட பேரை அந்த மியூசிக்கிலயோ?"

"அவ பேர் வந்தா லயமே நின்னு கேக்கும் அக்கா. உசுரோட இருக்கும்போதே வாசிச்சிருங்க."

நான் ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டு மைக்குக்கு முன் உட்கார்ந்தேன்.

4. அறிவித்தல்

நாடகத்தில் மாமியார் மருமகளை ஏசிக்கொண்டிருந்தார். ஜெகன் பாதி வசனத்தில் இறக்கினார். அந்தச் சோக இசை எழும்பியது. என் வாய் பழக்கத்தில் தானாகப் போனது.

"மரண அறிவித்தல் அல்ல. பனிக்கல் தோட்டம், பனிக்கல் தோட்டம், அஞ்சாம் லயத்தை வசிப்பிடமாகக் கொண்ட ஜெகநாதன் சுமதி அவர்கள் உயிரோடு இருக்கிறார். அவரும் அவருடைய மகளும், லயத்திலுள்ள அனைவரும் இருட்டுவதற்கு முன் பாடசாலைக்குப் போய்ச் சேரும்படி கணவர் ஜெகநாதன் கேட்டுக்கொள்கிறார். மேலே மலை வெடித்திருக்கிறது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

மஹ்ரூப் நானா போனில் கத்தினார்: "வருது! வருது! கடையில எல்லாரும் நிக்கிறாங்க!"

திரும்பத் திரும்ப வாசித்தேன். டூட் அடிக்கவேயில்லை. கரையோர நிலையத்திலிருந்து ஒருவர், தன் விளம்பரமெல்லாம் போச்சு என்று சேரை ஏசினார். சேர் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இருட்டியது. வீட்டுக்குப் போக ஒருவருக்கும் கால் வரவில்லை. ஜெகன் மட்டும் போனைத் திரும்பவும் நிமிர்த்தி வைத்திருந்தார்.

மறுநாள் காலைதான் அது அடித்தது. ஒரு குரல் அறை முழுக்கக் கேட்டது.

"எவ அது, உசுரோட இருக்கவ பேருக்கு மரண அறிவித்தல் வாசிச்சது? ஸ்கூலுக்கு வந்த பாதி சனம் என்னையப் பாத்து ஒப்பாரி வச்சிருச்சு! 'அல்ல'ன்னு சொன்னத ஒருத்தருமே கேக்கல. மியூசிக்கும் என் பேரும் ஸ்கூலும் மட்டும்தான் காதுல விழுந்திருக்கு. எனக்கு மாலை கட்ட ஆள் போயிருச்சு!"

ஜெகன் போனை என்னிடம் நீட்டிவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நான்தான் பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளும். எல்லாரும் வந்திட்டினமோ?"

"வந்துட்டாங்க அக்கா. லயம் மொத்தமும் ஸ்கூல்லதான் இருக்கு." பிறகு குரல் இறங்கியது. "அவரு சாப்ட்டாரா?"

அன்று அந்த மலை இறங்கவில்லை. இன்றுவரை இறங்கவில்லை. போக வேறு வீடு இல்லாததால் அஞ்சாம் லயத்துச் சனம் திரும்பவும் அங்கேதான் இருக்கிறது, வெடிப்புக்குக் கீழே. எங்களிடம் இப்போது ஒரு விதி உண்டு: உயிர் காக்கும் அறிவித்தலுக்கு டூட் கிடையாது. நான் படித்தது அதைவிடக் கொஞ்சம் பெரிது. குரல் போய்ச் சேர்வது வேறு, வீட்டுக்குள் நுழைவது வேறு. எந்த வாசலால் அந்தச் சனம் குரலை உள்ளே விடும் என்று தெரியாமல் மைக்கைத் தொடாதீர்கள்.

போன கிழமையும் மலைநாட்டுக்கு மழை என்றார்கள். ஜெகன் அந்த இசையைத் தயாராக எடுத்து வைத்தார். நான் சுமதிக்குப் போன் எடுத்தேன்.

"வாசிக்கவா பிள்ளை?"

"வாசிங்க அக்கா," என்றாள். "ஆனா என் பேருக்கு முன்னால 'அமரர்'ன்னு மட்டும் போட்றாதீங்க."