நாலாவது டப்பா

கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது கீழுதடு நன்றாக வீங்கிவிட்டிருந்தது. நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வெயில் ஏறுவதற்குள் விக்கிரவாண்டியைப் பிடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. கக்கத்தில் ஒரு துண்டு, அதற்குள் ஒரு சட்டை. திண்டிவனத்தில் மல்லாட்டை மில்லில் இரண்டு மாதம் நிலக்கடலை மூட்டை தூக்கியதில் மிஞ்சியது அதுதான். மில்லை விட்டதற்குக் காரணம் ஒரு சினிமா.

முந்தின நாள் டெண்ட் கொட்டகையில் ஒரு கொலைப் படம், கடைசி நாள். பங்களாவில் பெரியவர் ஒருவர் பாலில் விஷம் கலந்து கொல்லப்படுகிறார். வீட்டில் இருப்பவர்கள் அவருடைய தம்பி, இரண்டாம் தாரம், குடும்ப டாக்டர், சமையற்காரர். மெட்ராசிலிருந்து ஒருவர் துப்பறிய வருகிறார். சித்திரை வெயிலில் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் தொப்பியும். அந்தக் கோட்டை அவர் கழற்றாதது எனக்குக் கொலையைவிடப் பெரிய மர்மமாக இருந்தது.

கொட்டகையில் ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்து அடுத்ததை மாட்டும் வரை விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஒரு படத்துக்கு மூன்று இடைவேளை. கொலைப் படம் என்றால் அந்த இடைவேளைகள்தான் பாதிப் படம். தரை டிக்கெட்டில் ஆளுக்கு ஒருவனைக் கொலைகாரன் என்பார்கள். மூன்றாவது இடைவேளையில் நானும் வாயைத் திறந்தேன். தம்பிதான் என்றேன். வீட்டில் எல்லோரும் பிணத்தைப் பார்த்தபோது அவன் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான் என்று காரணமும் சொன்னேன்.

பின்னால் உட்கார்ந்திருந்தவர் எங்கள் மில் மேஸ்திரி. நான் இரண்டாம் தரம் வந்து கதையை உடைக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"பொண்டாட்டி புள்ளைய இட்டாந்து குந்திக்கினு இருக்கேன். நீ இன்னாடா கதைய முடிக்கிறே?"

பதில் சொல்ல வாய் எடுத்தேன். வாயிலேயே ஒன்று விழுந்தது. கேட்டில் நின்ற இரண்டு பேர் வந்து என்னை இழுத்து வெளியே விட்டார்கள்.

கீற்றுத் தடுப்புக்கு வெளியே நின்று கடைசி ரீலைக் காதால் கேட்டேன். ஓடும் சத்தம், ஒரு துப்பாக்கி வெடி, ஒரு பெண்ணின் அலறல். பிறகு துப்பறிகிறவர் குரல், "நீயா?" என்றது. அதற்குமேல் வயலின்தான். யார் என்று அந்த மனிதர் கடைசிவரை சொல்லவில்லை. உள்ளே கைதட்டினார்கள்.

மேஸ்திரி முகத்தில் இனி விழிக்க முடியாது. படப் பெட்டி காலை ரயிலில் விழுப்புரம் போகிறது, அங்கே நாளைக்கே படம் என்று கேட்டில் பேசிக்கொண்டார்கள். அதனால் விழுப்புரம். ஒரு படத்தின் முடிவுக்காக இருபது மைலுக்கு மேல் நடந்தவன் என்று இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். வேலை போன பிறகு எந்தப் பக்கமாவது நடக்கத்தானே வேண்டும்.

இப்போது மகள் வீட்டில் டிவி இருக்கிறது. நாள் முழுக்கப் பார்க்கிறேன், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இந்தத் துப்பறியும் தொடர்களில் யார் முகத்தைக் காட்டும்போது உறுமி மாதிரி ஒரு சத்தம் போடுகிறார்களோ அவன் கொலைகாரன் இல்லை. குடும்பத் தொடர்களில் மருமகள் பாலில் எதையோ கலந்து டம்ளரோடு நடக்க ஆரம்பித்தால் மாமியார் கட்டிலுக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகிறது. பால் மட்டும் ஆறுவதில்லை. எல்லோருமே வீட்டிலேயே இருக்கிறார்கள். சாட்சி சொல்லப் போனால் ஒருநாள் கூலி போகுமே என்று எவனும் யோசிப்பதில்லை. நடுங்க வைக்கிறேன் என்று ரத்தத்தைக் காட்டுகிறார்கள். ரத்தம் பார்த்து எனக்கு நடுக்கம் வந்ததில்லை. இன்னும் வரவேண்டியது வராமல் இருக்கும்போதுதான் நடுக்கம். அதை நான் விழுப்புரத்தில் தெரிந்துகொண்டேன்.

விக்கிரவாண்டியில் ஒரு கிழவியிடம் கேப்பைக் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு மரத்தடியில் கிடந்தேன். விழுப்புரம் எல்லையைத் தொடும்போது பொழுது சாய்ந்து கொட்டகையில் ரெக்கார்டு போட்டுவிட்டார்கள். கையிலிருந்ததைக் கொடுத்துத் தரை டிக்கெட் எடுத்தேன். டிக்கெட் கொடுக்கும் பொந்துக்குள் மாதா படம், அதன் முன்னால் ஒரு மெழுகுவர்த்தி. கொட்டகை முதலாளியே டிக்கெட் கொடுத்தார். ஒல்லியான மனிதர், சட்டைக்கு வெளியே சிலுவை தொங்கியது.

பக்கத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர் ரயில்வேக்காரர், காக்கிச் சட்டை. படம் எப்படி என்று பொதுவாகக் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். திண்டிவனத்திலேயே பார்த்துவிட்டேன் என்றேன்.

"முடிவு வரைக்கும் பாத்தியா?"

"பாத்தேன்."

வேறு யாரும் கேட்கவில்லை, அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ஒரு சொல் அங்கேயே விழுந்து கிடந்தது.

இரண்டாம் தரம் பார்க்கும்போது கண் வேறு மாதிரி வேலை செய்கிறது. விஷம் கலக்கும் நேரத்தில் தம்பி ரேடியோ அறையில் இருப்பதாகக் காட்டுகிறார்கள். அன்றைக்குத்தான் கவனித்தேன். காட்டியது நாற்காலியின் முதுகையும் அதற்குமேல் எழும் சிகரெட் புகையையும்தான். ஆளைக் காட்டவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. இன்னும் ஒரு ரீல். நான் சொன்னது சரியென்று திரையே சொல்லிவிடும். உதடு வலிப்பதுகூட மறந்துவிட்டது.

மூன்றாவது இடைவேளை விட்டார்கள். முறுக்கு விற்பவன் இரண்டு சுற்று வந்துவிட்டான். விளக்கு அணையவில்லை. விசில் அடித்தார்கள், பிறகு மணலை அள்ளி வீசினார்கள். ஆபரேட்டர் மிஷின் ரூமிலிருந்து இறங்கி வந்தார். கையில் ஒரு தகர டப்பா, மூடி திறந்திருந்தது. அவர் அதைக் கவிழ்த்துக் காட்டினார்.

ஒரே மிஷின் கொட்டகைகளில் நடக்கிற தப்பு அது. கடைசி ரீல் ஓடி முடிந்ததும் ஆட்டம் முடிந்தது என்று ஆபரேட்டர் கீழே இறங்கிவிடுவார். மற்ற ரீல்களை அடுத்ததை மாட்டுவதற்காகவாவது கழற்றியாக வேண்டும். கடைசி ரீலுக்கு அந்த அவசரம் இல்லை, அது மிஷினிலேயே சுற்றியபடி இருக்கும். காலையில் ரயிலுக்கு நேரமாகிவிட்டால் சாக்பீஸில் எண் போட்ட டப்பாக்களை எண்ணிப் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். நாலு டப்பா, நாலும் சரி. நாலாவது வெறும் டப்பா. என்னை வெளியே இழுத்துப் போட்ட கலவரத்தை வேடிக்கை பார்க்க அந்த ஆபரேட்டரும் இறங்கி வந்து புத்தி கலைந்துபோனாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

விஷயம் தெரிந்ததும் கொட்டகை எழுந்து நின்றுவிட்டது. வெளியே அடுத்த ஆட்டத்துக்கு வந்தவர்கள் கேட்டை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருப்பவர்கள் வெளியே போக வழியில்லை. பெண்கள் பக்கத்தில் குழந்தைகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒருவன் பீடி பற்றவைத்தான். பற்றவைத்த தீக்குச்சியை அணைக்கவில்லை. கையை உயர்த்தி, மேலே காய்ந்து கிடந்த கீற்றையும் முதலாளியையும் மாறிமாறிப் பார்த்தான். குச்சி எரிந்து முடிய, இன்னொன்று கிழித்தான்.

முதலாளி திரைக்கு முன்னால் வந்து நின்றார். கீற்று பற்றினால் அவர் பிழைப்பு மட்டும் போகாது, உள்ளே இருக்கும் பாதிப் பேர் போவார்கள்.

"திண்டிவனத்துல பாத்தவங்க யாராச்சும் இருந்தா முன்னாடி வாங்கப்பா. முடிவ மட்டும் சொல்லுங்க. காலையில ரீல் வந்துடும், இதே டிக்கெட்டுக்கு நாளைக்கு உள்ள உடறேன்."

காக்கிச் சட்டைக்காரர் என் கையைப் பிடித்து மேலே தூக்கினார். "இந்த ஆளு பாத்திருக்கார்யா."

இல்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. அந்தத் தீக்குச்சியைப் பார்த்தேன். முன்னால் போனேன்.

பெட்ரோமாக்ஸைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்கள். வெளிச்சத்தில் எனக்கு எந்த முகமும் தெரியவில்லை. என் நிழல் மட்டும் திரையில் பெரிதாக நின்றது. தம்பிதான் கொன்றான் என்று தொடங்கினேன். கடிகாரத்தைச் சொன்னேன். காதால் கேட்டதையெல்லாம் எடுத்துப் போட்டேன், ஓட்டம், வெடி, அலறல். துப்பறிகிறவர் "நீயா?" என்று கேட்டார் என்றேன். அது ஒன்றுதான் முழு உண்மை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அதெப்பிடி? பால்ல வெசத்த கலக்கறப்ப அவன் ரேடியோ ரூம்ல தானே குந்திக்கினு இருந்தான். நாங்க பாத்தமே."

ஆமாய்யா என்று நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் மறுபடி குச்சி உரசும் சத்தம் கேட்டது.

"ஆளப் பாத்தீங்களாம்மா?" என்றேன். "பொகையத்தானே காட்டுனாங்க. சிகரெட்ட பத்தவச்சி அங்க வச்சிட்டு அவன் சமையக்கட்டுக்குப் போய்ட்டான்."

எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வாழ்க்கையில் எந்தப் படத்திலும் எந்தத் தொடரிலும் அவ்வளவு நீளமான மௌனத்தைக் கேட்டதில்லை. பிறகு அதே அம்மாள், "அட, ஆமா. ஆளக் காட்டலியே" என்றார். யாரோ சிரித்தார்கள். குச்சி மணலில் விழுந்தது. கேட்டைத் திறந்து வரிசையாக வெளியே விட்டார்கள். அடுத்த ஆட்டம் இல்லையென்று முதலாளி கும்பிட்டுக்கொண்டே நின்றார். என்னை மணலிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார்.

காலை ரயிலில் ரீல் வந்துவிட்டது. ஆபரேட்டர் அதை வெயிலுக்குக் கொண்டுபோய்க் கடைசிப் பகுதியைப் பிரித்துப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நீ முடிவு பாக்கல, இல்ல?"

"இல்லீங்க."

வா என்று தலையாட்டினார். ஃபிலிமைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார். கட்டைவிரல் நகம் அளவு படங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. கையில் விலங்கோடு நின்றவர் டாக்டர். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் அப்படியே இருந்தது. தம்பி ஒரு ஓரத்தில் அழுதுகொண்டிருந்தான். அந்தப் புகை வெறும் புகைதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த முடிவு எனக்கு இன்றுவரை சம்மதமில்லை. டாக்டர் விஷம் வைப்பதற்கு முதல் மூன்று ரீலில் ஒரு காரணமும் இல்லை. கதை எழுதியவர் யாரும் நினைக்காத ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். இப்போது டிவியில் எழுதுகிறவர்களும் அதையேதான் செய்கிறார்கள்.

ஆபரேட்டர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். நான் உதட்டைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி அடிக்கவில்லை. மெழுகுவர்த்தியில் வழிந்திருந்த மெழுகைச் சுரண்டியபடி சொன்னார்.

"தினம் வெளம்பர வண்டில போற ஆளுக்குத் தொண்ட கட்டிக்கினுச்சி. நீ ஏறு. சாப்பாடும் கூலியும் தர்றேன். நேத்து சொன்னது முடிவு இல்லன்னு நீயே போய்ச் சொல்லு."

இரண்டு பக்கமும் போஸ்டர் ஒட்டிய மாட்டு வண்டி. பின்னால் மேளக்காரர், முன்னால் தகரக் குழாயோடு நான். பாண்டி ரோடு முனையில் வண்டி நின்றது. டீக்கடை வாசலில் காக்கிச் சட்டைக்காரர் கிளாசோடு நின்றுகொண்டிருந்தார், நாலு பேருக்கு ஏதோ விளக்கிக்கொண்டு. என் தலையைக் கண்டதும் அவர் கை பாதியில் நின்றது. மேளம் ஓய்ந்தது. நான் அவர் பக்கம் பார்க்காமல் குழாயை வாயில் வைத்து, நேற்று ராத்திரி கொட்டகையில் ஒருவன் சொன்ன முடிவு முடிவே அல்ல என்று ஆரம்பித்தேன்.